இன்னொரு தடவை கேட்கிறேன்

“நேத்து ராத்திரி ஏதாவது குடிச்சீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“சேச்சே” என்றான் எதிரில் உட்கார்ந்திருந்த வாலிபன்.

அக்கா படிவத்தில் டிக் அடிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவன் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த சோப்புக்கு அரிக்கும், அடிபட்டால் தழும்பு தடித்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனவள், நடுவில் ஒன்றும் அறியாதவள்போல, “காலையில தலைவலி எதுவும் இல்லையே?” என்றாள்.

“லேசா இருந்துச்சு. எழுந்ததே லேட்டு. காப்பி குடிச்சதும் போயிடுச்சு.”

“அப்ப நாளைக்கு வாங்க. குடிச்ச உடம்புல ரத்தமும் சட்டுனு நிக்காது, மையும் சரியா நிக்காது.”

“அக்கா, ரெண்டே ரெண்டு...”

“நாளைக்கு.”

அந்த டாட்டூக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஊசியை அல்ல, அக்காவைத்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குறுக்கே அவள் மேசை. அவளைத் தாண்டாமல் உள்ளே ஒருவரும் போக முடியாது. அவளுக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி, அதில் வருஷவாரியாகக் கோப்புகள். யார், என்ன வயது, அடையாள அட்டையின் நகல், உடம்பில் எந்த இடம், என்ன படம், எந்த மை என்று எல்லாம் இருக்கும். புது ஊசிப் பாக்கெட்டைப் பிரித்ததும் அதன் மேலிருக்கும் எண் போட்ட லேபிளை உரித்துப் படிவத்தின் மூலையில் ஒட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். “நாளைக்கு யாருக்காவது புண்ணாச்சுன்னா எந்த டப்பா, எந்த ஊசின்னு நாம சொல்லணுமா வேணாமா?” என்பாள். நியாயம்தான். ஆனால் இந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. பால் பாக்கெட்டின் தேதியைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், “என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடு. எப்ப வாங்கினதுன்னு மறந்துடப் போற” என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கடையில் அவளுக்கு ‘ரெண்டு தடவை’ என்று பெயர். வைத்தது அந்தக் கடையை நடத்துகிற தம்பி. கழுத்துவரை பச்சை குத்திக்கொண்டு, பார்த்தால் குழந்தை அழும் தோற்றத்தில் இருப்பான். உண்மையில் பல்லிக்குப் பயப்படுகிற பிள்ளை. அக்கா எதையும் இரண்டு முறை கேட்பாள் என்பதால் அந்தப் பெயர். ஒரு முறை படிவத்தைப் படித்துக் கையெழுத்து வாங்கும்போது கேட்பாள். பிறகு அவர்களைச் சுவரோரம் இருக்கும் நாற்காலியில் கொஞ்ச நேரம் ஆறப்போட்டுவிட்டு, போய் எதிரில் நின்று, “இன்னொரு தடவை கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. வேணுமா, வேணாமா?” என்பாள். இரண்டாவது தடவையும் வேண்டும் என்று வந்தால்தான் உள்ளே அனுப்புவாள்.

இது அவளாக ஏற்படுத்திக்கொண்ட சட்டம். முன்பு ஒரு முறை ஒரு பையன் வந்து மணிக்கட்டில் ஒரு பெண்ணின் பெயரைக் குத்திக்கொண்டு போனான். மறுநாள் அவன் அம்மா வந்து கடையை இரண்டாக்கிவிட்டார். அக்கா சளைக்காமல் கோப்பை எடுத்து, வயது சரி, கையெழுத்து சரி, எல்லாம் சரி என்று காட்டினாள். அந்தத் தாய் அதைப் பார்க்கக்கூட இல்லை. “இவன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான்மா. மூஞ்சியைப் பார்த்துக் கேட்டியா?” என்றார். அன்று ராத்திரி அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டோமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கேட்டது ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்த்தது ஞாபகம் வரவில்லை.

ஊரையே நிற்கவைத்து “உறுதியா சொல்லுங்க” என்று கேட்கிற இந்த மனுஷிக்குத் தன் விஷயத்தில் எதிலும் உறுதி கிடையாது என்பதுதான் வேடிக்கை. செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் கண்ணீர் விடுவார். பழுப்பா, கறுப்பா என்று ஒரு காலில் அதுவும் ஒரு காலில் இதுவுமாக நடந்து பார்த்து, கடைசியில் எதையோ வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் மாற்றப் போவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவள் உடம்பில் ஒரு புள்ளி மைகூடக் கிடையாது. ஏன் என்று யாராவது கேட்டால், “நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன். எனக்கு நானே ரெண்டாவது தடவை கேட்டா வேணாம்னுதான் வருது” என்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் போன வாரம் அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார்.

காலை நேரம். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, பின்னாலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் மனைவி. பெரியவர் நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வேலையில் இருந்த காலத்தில் லிஃப்ட் மெக்கானிக்காம். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறியது தன் புண்ணியத்தில்தான் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டி, இடது முன்கையின் உட்புறத்தைத் தட்டிக் காட்டினார். “இங்க. கொட்டை எழுத்துல.”

அக்கா வாங்கிப் படித்தாள். ‘பக்கத்துல இருக்கிறவ உன் பொண்டாட்டி. பயப்படாதே.’

“நல்லா கேளுங்க” என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து. “நான் என்ன மாத்திரைச் சீட்டா, கையில எழுதி வெச்சுக்கிறதுக்கு?”

பெரியவர் திரும்பவில்லை. அக்காவைப் பார்த்தே சொன்னார். “எனக்கு ஞாபகம் கழண்டுக்கிட்டு வருதும்மா. டாக்டர் சொல்லிட்டார், இனி ஏறுமுகம் கிடையாதுன்னு. காலையில நல்லா இருக்கேன். நேரம் ஆக ஆக கரண்டு போயிடுது. நாலு நாள் முன்னாடி நடு ராத்திரியில முழிச்சிருக்கேன். பக்கத்துல யாரோ ஒரு பொம்பளை படுத்திருக்கான்னு திருடி திருடின்னு கத்திக்கிட்டு ரோட்டுல ஓடியிருக்கேன். லாரி போற ரோடு. இவ வெறுங்காலோட பின்னாடியே ஓடி வந்திருக்கா. காலையில இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “அவமானமா இருக்கும்மா. முப்பத்தெட்டு வருஷமா கூட இருக்கிறவளைப் பார்த்து ஓடியிருக்கேன் பாரு.”

“இதையெல்லாம் போற இடத்துல எல்லாம் சொல்லணுமா?” என்றார் அந்த அம்மா. ஆனால் குரலில் முன்பிருந்த காரம் இல்லை.

அக்கா வழக்கம்போல் படிவத்தை எடுத்தாள். கேள்விகளுக்கெல்லாம் மனிதர் டக் டக்கென்று பதில் சொன்னார். சர்க்கரை இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இல்லை, டாக்டர் சீட்டே கையில் இருக்கிறது. குடிப்பழக்கம்? “இருந்துச்சு. அதை மட்டும் மறக்கவே மாட்டேங்குது, என்ன பண்ண?” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்தபோதுதான் இருவருமே நின்றார்கள். ‘சுயநினைவோடும் முழு மனதோடும் சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்திருந்தது.

பெரியவர் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். “இப்ப இருக்கு. சாயந்தரம் கேட்டா உத்தரவாதம் இல்ல. இதுல ‘இப்போதைக்கு’ன்னு ஒரு கட்டம் கிடையாதாம்மா?”

அப்படி ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. அவரே சிரித்துக்கொண்டு, தெளிவாக, கோணாமல் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஊசி வேலையில் இருந்த தம்பியைக் கதவோரம் இழுத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான். “பதினெட்டு வயசு தாண்டியாச்சு இல்ல?” என்றான்.

“விளையாடாதே தம்பி.”

“எனக்கு என்னக்கா தெரியும்? கையெழுத்துப் போட்டாருன்னா சட்டப்படி சரி. பாவமா வேற இருக்கு. ரெண்டு தடவை கேக்குறது உங்க டிபார்ட்மென்ட். கேட்டுட்டுச் சொல்லுங்க, செய்யறேன்.”

பெரியவரும் மனைவியும் சுவரோர நாற்காலியில் காத்திருந்தார்கள். தம்பி உள்ளே இன்னொருவருக்குக் குத்திக்கொண்டிருந்த வேலை மதியம்வரை இழுத்துக்கொண்டே போனது. உள்ளே மெஷின் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. பெரியவர் முதலில் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக் கமென்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு அந்த ரீங்காரம் வரும் கதவையே வெறித்துப் பார்த்தார். சட்டை நுனியைத் திருகத் தொடங்கினார். அக்கா தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதே போய்க் கேட்டுவிடலாமா என்று எழுந்தாள். இன்னும் உள்ளே அனுப்பும் நேரம் ஆகவில்லையே என்று உட்கார்ந்தாள். நினைவு தெளிவாக இருக்கிறபோதே கேட்டுச் சட்டென்று முடித்துவிட்டால் அது கேட்டதாகுமா? இல்லை, ஏமாற்றியதாகுமா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

உள்ளே இருந்த ஆள் வெளியே வந்ததும் அக்கா போய் எதிரில் நின்றாள். “ஐயா, இன்னொரு தடவை கேக்குறேன். கையில பச்சை குத்துறோம். ஊசி, வலிக்கும். ஆயுசுக்கும் போகாது. வேணுமா, வேணாமா?”

பெரியவர் நிமிர்ந்தார். அதே முகம்தான். ஆனால் காலையில் வந்தவர் அதில் இல்லை.

“எந்த மாடி?” என்றார்.

“ஐயா?”

“எந்த மாடியில நின்னுக்கிச்சுன்னு கேக்குறேன். உள்ள ஆள் இருக்கா? மோட்டார் சத்தம் சரியில்லையே.”

அக்கா திருதிருவென்று விழித்தாள். கையிலிருந்த படிவத்தை நீட்டினாள். “இது நீங்க போட்ட கையெழுத்துதானே?”

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “கையெழுத்து என்னோடதுதான்” என்றார். “ஆனா நான் போடலியே. என்ன இது, ஊசி கீசின்னு போட்டிருக்கு? எனக்கு ஊசியெல்லாம் வேணாம்மா. நான் வீட்டுக்குப் போறேன்.”

வேண்டாம் என்று வந்துவிட்டது. மற்றவர்கள் விஷயமாக இருந்தால் அதோடு முடிந்தது, குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிக் கோப்பில் சொருகிவிடுவாள். அக்கா பேனாவைத் திறக்கப் போனாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோடு போடாதீங்க. குத்திடுங்க.”

“அம்மா, நீங்கதானே காலையில...”

“நான் சொன்னதை விடுங்க. எனக்கு அது பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. ஆனா அவரு மூணு நாளா காலையில எல்லாம் உக்காந்து யோசிச்சு, எழுதி எழுதிக் கிழிச்சு, அந்த ஒரு வரியைக் கொண்டு வந்தாரு. காலையில இருந்தவரு கேட்டதை நீங்க செய்யுங்க. இவரு சொல்றதைக் கேக்காதீங்க. இவருக்கு என்ன தெரியும்?”

அக்காவுக்குத் தலை சுற்றியது. ஒருவர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் வேண்டாம் என்று வாயால் சொல்கிறார். இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான். குத்தினால், சாயங்காலம் இந்த மனிதர் எரிகிற கையைப் பார்த்து யார் இப்படிச் செய்தது என்று மிரளுவார். குத்தாவிட்டால், நாளைக் காலையில் அந்த மனிதர் எழுந்து வெறும் கையைப் பார்த்து, நான்தான் கையெழுத்துப் போட்டேனே, ஏன் செய்யவில்லை என்று கேட்பார். யாருக்குப் பதில் சொல்வது? அலமாரி நிறையக் கோப்பு வைத்திருக்கிறாள், ஒன்றிலும் இதற்கு விடை இல்லை. அழுகைதான் வந்தது.

அதற்குள் தம்பி கையுறையோடு வெளியே வந்துவிட்டான். எழுத்தைத் தோலில் பதிக்க ஒட்டும் ஸ்டென்சில் தாள்கூடத் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கணவர் பக்கம் திரும்பி, “கையை நீட்டுங்க” என்று அதட்டினார்.

பெரியவர் சட்டென்று இடது கையை நீட்டினார். சட்டைக் கையைத் தானே மேலே தள்ளிக்கொண்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். நீட்டிவிட்டாரே, போதாதா என்று கேட்கிற பார்வை. அக்காவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. சரி, நீட்டிவிட்டார், முடிந்தது, வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம். இருந்தாலும் பெரியவரின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயா, எதுக்குக் கையை நீட்டுனீங்க?”

அவர் குனிந்து ரகசியம்போல் சொன்னார். “அந்தம்மா நீட்டச் சொன்னாங்க. கோவமா இருக்காங்க.”

‘அந்தம்மா’ அதைக் கேட்டுவிட்டார். அவர் முகம் அப்படியே செத்துப்போயிற்று.

“வேணாம் தம்பி” என்றாள் அக்கா. எழுந்து போய்ப் படிவத்தின் குறுக்கே கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை.

“நல்லா இருங்க” என்றார் அந்த அம்மா. பொலபொலவென்று கொட்டிவிட்டது. “இன்னிக்கு ராத்திரி இவரு மறுபடி ரோட்டுக்கு ஓடினா நீங்க வந்து பிடிப்பீங்களா? உங்க ஃபார்ம் வந்து பிடிக்குமா? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம், ஆனால் எதற்காக என்று அக்காவுக்கே தெரியவில்லை. செய்தது சரி என்று ஒரு மனசு சொன்னது. அந்தக் கிழவி வெறுங்காலோடு லாரி போகும் ரோட்டில் ஓடுவதை இன்னொரு மனசு காட்டியது. தம்பி கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். தப்பித்துக்கொண்டான், பாவி.

மேசை மேல் ஊசி வேலைக்கு முன்னால் தோலில் கோடு போடுகிற ஊதாப் பேனாக்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அக்கா அதில் ஒன்றை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. எடுத்துக்கொண்டு பெரியவரிடம் வந்தாள்.

“ஐயா, ஊசி இல்ல. வெறும் பேனா. வலிக்காது. சோப்பு போட்டாகூட நாலஞ்சு நாள் இருக்கும், அப்புறம் போயிடும். கையில ஒரு வரி எழுதிக்கலாமா?”

“போயிடுமா?”

“போயிடும்.”

“நெஜமாவா?”

“நெஜமா. வேணாம்னா ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாம்.”

பெரியவர் பேனாவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். “போயிடும்னா எழுதும்மா” என்றார்.

அக்கா மூடியைக் கழற்றினாள். ஆனால் எழுதவில்லை. அந்த வரியை எழுதத் தனக்கு என்ன உரிமை என்று திடீரென்று ஒரு சந்தேகம். பேனாவை அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவர் வாங்குவாரா, முகத்தில் விட்டெறிவாரா என்று சொல்ல முடியாத மாதிரிதான் நின்றிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கினார். ஒரு நாற்காலியைக் கணவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

“எழுதட்டுமா?” என்று கேட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை தடவை அப்படிக் கேட்டிருப்பாரோ, தெரியாது.

பெரியவர் தலையாட்டினார்.

முதல் எழுத்து பாதி வந்திருக்கும். எதிரே இருந்து எழுதியதால் அது பெரியவருக்குத் தலைகீழாக இருந்தது. டாட்டூக் கடையில் எழுத்தை அப்படித்தான் போடுவார்கள், எதிரில் நிற்கிறவர்கள் படிக்கத்தானே எல்லாரும் குத்திக்கொள்கிறார்கள். அக்கா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்தப் பாதி எழுத்தைத் துடைத்தாள்.

“இந்தப் பக்கம் வாங்கம்மா” என்றாள். “படிக்கப் போறது அவரு.”

அந்த அம்மாவுக்கு என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. பேனாவும் கையுமாக எழுந்து நின்றார். அக்கா அந்த நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு போய், பெரியவரின் நாற்காலியோடு ஒட்டி, அவர் பக்கத்தில் போட்டாள்.